கடற்கோட்டையில் ஓர் இரவு: தங்கலாமா, கூடாதா?

ஒரு காலத்தில் மனிதர்களைப் பூட்டிவைத்த கட்டடத்தில் இன்று காசு கொடுத்து விடுமுறையைக் கழிப்பது சரியா?

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் போய், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில் ஓர் இரவு தங்கி வந்தது. இதைச் சொன்னதும் என் வகுப்புத் தோழிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். "சுற்றிவரக் கடல், நடுவில கோட்டை, என்ன அதிர்ஷ்டம்!" என்றார்கள் ஒரு பக்கத்தினர். "மறியல் வீட்டிலயா போய்ப் படுத்தீங்க? கட்டிப் போட்டவங்க அழுத இடத்தில எப்படி நித்திரை வரும்?" என்று கேட்டார்கள் மறு பக்கத்தினர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னிடம் ஒரு பதில் உண்டு. தங்கலாம். தங்குவதற்கு முன் சில கடமைகள் இருக்கின்றன. அந்தக் கடமைகள் விருந்தினருக்கும் உண்டு, விடுதி நடத்துபவருக்கும் உண்டு. அவை எவை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவகத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த பலர் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் கப்பல்கள் நுழையும் வாயிலில், ஒரு சிறு திட்டின்மேல், ஏறத்தாழ எண்கோண வடிவில் எழும்பி நிற்கிறது இந்தக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தி அமைத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு தொற்று நோயாளர்களை ஒதுக்கி வைக்கும் வைத்தியசாலையாகவும் சிறைச்சாலையாகவும் இருந்தது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கைதான இளைஞர்களையும் இங்கே அடைத்து வைத்தார்கள். இன்று இது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. காரைநகர்க் கரையிலிருந்து படகில் கொண்டுபோய் விடுகிறார்கள். கோட்டைக்குள் தங்கும் அறைகள் சில மட்டுமே.

பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஹம்மன்ஹீல் என்றால் ஒல்லாந்த மொழியில் 'பன்றித் தொடையின் குதிகால்' என்று பொருள். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையைப் போல ஒல்லாந்தருக்குத் தெரிந்ததாம். இந்தத் திட்டு அதன் குதிகாலாம். மாமா இதை வாசித்துச் சொன்னபோது உம்மம்மா, "இதுக்கு வேற பேரே கிடைக்கல்லையா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். வேறு பெயர்கள் இருக்கின்றன. தமிழில் இது கடற்கோட்டை. பூதத்தம்பி கோட்டை என்றும் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பொய்க் குற்றம் சுமத்திக் கொல்லப்பட்டவனாக மக்கள் கதை சொல்லும் யாழ்ப்பாணத்து அதிகாரிதான் பூதத்தம்பி. அவன் கதையைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள்.

பெயரிலிருந்தே என் வாதம் தொடங்குகிறது. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் இன்னும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்துக்கு யார் பெயர் வைக்கிறார்களோ அவர்கள்தான் அதன் கதையையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே அங்கே தங்கப் போகிறவரின் முதற் கடமை, அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் அறிந்துகொள்வது. இதற்குக் காசு செலவில்லை.

இனி, அங்கே தங்குவதால் என்ன பயன்? பகலில் படகில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா என்று வாப்பாவும் கேட்டார். போதாது என்பதுதான் என் அனுபவம். கட்டடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. ஓகஸ்ட் மாதத்து நண்பகலில் படகுத் தளத்தில் கால் வைக்க முடியாத சூடு. மதிலின் வாசலுக்குள் நுழைந்து நிழலில் நின்ற உடனேயே உடம்பு குளிர்ந்தது. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த அந்தப் பருத்த சுவர் பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொள்கிறது. உள்ளே விடுவதற்கு நீண்ட நேரம் எடுக்கிறது. அதே சுவர் இஷாவுக்குப் பிறகும் கையை வைத்தால் இளஞ்சூடாக இருந்தது. வெப்பம் கடத்தப்படுவதைப் பற்றி விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை அந்தச் சுவரில் கை வைத்தபோதுதான் உண்மையாக விளங்கிக்கொண்டேன். அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தால்தான் இது தெரியவரும்.

இரவில் இன்னொன்றும் தெரிந்தது. சோளகக் காற்று சுவரில் மோதும் சத்தமும் அலைச் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தூரத்தில் ஊர்காவற்றுறையின் விளக்குகள் தெரிந்தன. கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போக முடியாது. விரும்பி வந்த எனக்கே ஒரு கணம் நெஞ்சு கனத்தது. விரும்பாமல் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அந்த விளக்குகள் எப்படித் தெரிந்திருக்கும்? என்னைவிட இரண்டு மூன்று வயதே கூடிய பிள்ளைகளும் 1971இல் கைதானவர்களில் இருந்தார்கள். 'அழுத இடத்தில் எப்படி நித்திரை வரும்' என்று கேட்ட தோழிக்கு என் பதில் இதுதான். நித்திரை தாமதமாகத்தான் வந்தது. அப்படித் தாமதமாவது நல்லது. அந்த இடத்தை மூடிப் பாழாக விட்டிருந்தால் அவர்களைப் பற்றி நான் ஒரு நிமிடமும் யோசித்திருக்க மாட்டேன்.

ஆனால் இந்த யோசனை எல்லா விருந்தினருக்கும் தானாக வராது. கட்டில், காற்றாடி, கடற்காட்சி என்று எல்லாம் வசதியாக இருந்தால் பழைய கதை மறந்தே போகும். இங்கேதான் விடுதி நடத்துபவரின் கடமை வருகிறது. கதையைச் சொல்ல வேண்டும். முழுவதாகச் சொல்ல வேண்டும். அந்த மண்ணின் மொழியிலும் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவு இதற்கு நல்ல உதாரணம். நெல்சன் மண்டேலா தமது 27 வருடச் சிறைவாசத்தில் 18 வருடங்களைக் கழித்த அந்தத் தீவு இன்று அருங்காட்சியகம். 1999இல் அது உலக மரபுரிமை இடமாகவும் ஆனது. அங்கே முன்னர் கைதிகளாக இருந்தவர்களே வழிகாட்டிகளாக நின்று, தாங்கள் அடைபட்டிருந்த கூடங்களைக் காட்டி விளக்கம் சொன்னார்கள். வேதனைப்பட்டவரின் வாயிலிருந்தே கதை வந்ததால், பார்க்கப் போனவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் நாட்டில் கோட்டைகளும் சிறைகளும் எந்த உருவம் எடுத்தாலும் இந்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது கடமை தண்ணீரைப் பற்றியது. 1658இல் அந்தக் கோட்டை விழுந்ததற்குப் பீரங்கி மட்டும் காரணம் இல்லை. சுற்றிவரக் கடல் இருந்தும் உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லாமற் போனதால்தான் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். அந்தப் பாடத்தைப் படித்த ஒல்லாந்தர் பிறகு மழைநீரைச் சேமிக்கத் தொட்டி கட்டினார்கள். தீவகம் முழுவதற்கும் இதே கதைதான். அங்கே ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டர் போட்டு இறைத்துத் தள்ளினால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஒருமுறை உவரான கிணறு லேசில் திரும்பாது. கடற்கரையில் அழகான விடுதி கட்டி, அதற்கு ஒரு நீச்சல் குளமும் வெட்டி, புல்லுக்கு மாலையில் தண்ணீர் விசிறினால், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்துதான் போகிறது. விருந்தாளி, விருந்தளிப்பவரைச் சிரமப்படுத்தும் அளவுக்குத் தங்கக் கூடாது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். தீவகத்துக்குப் போகிற நமக்கு அது குளியலறையிலும் பொருந்தும். ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கத் தெரியாதவர் அங்கே விருந்தாளியாகப் போகத் தகுதியில்லாதவர் என்றே சொல்வேன்.

மூன்றாவது விடயம் எனக்கு மிக நெருக்கமானது. விருந்தளிப்பவர் யார் என்ற கேள்வி அது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட கட்டளை அது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு சொந்தக்காரருக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அதில் வகுத்திருக்கிறார்கள். கடலில் எல்லாவற்றையும் இழந்து கரை ஒதுங்கிய அந்நியனுக்கும் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும் என்ற நீதி அது. சுமார் 850 வருடங்களுக்கு முன்பே வெளியாரை வரவேற்பதைச் சட்டமாக எழுதி வைத்த துறைமுகம் ஊர்காவற்றுறை. விருந்தோம்பலை அந்த ஊருக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியிருக்க, இன்று தீவகத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஒரு வீட்டில் தங்குவது அரிதாகவே இருக்கிறது. காலையில் பஸ்ஸில் போய், குறிகட்டுவானில் படகேறி, நயினாதீவையோ நெடுந்தீவையோ பார்த்துவிட்டு மாலையில் யாழ்ப்பாணம் திரும்பிவிடுகிறோம். தீவின் தண்ணீரைக் குடிக்கிறோம், பிளாஸ்டிக் போத்தலை விட்டு வருகிறோம், இரவுச் சாப்பாட்டுக் காசை நகரத்தில் கொடுக்கிறோம். தங்குவதற்கு வீடுகள் இல்லாமல் இல்லை. நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் அறை வைத்த நாற்சார் வீடுகள், மழைநீர் முற்றத்தில் விழும்படி சாய்ந்த ஓட்டுக் கூரைகள், தெருவில் போகிறவர் குந்திக் களையாறத் திண்ணைகள் அங்கே இன்னும் நிற்கின்றன. நெடுந்தீவில் பவளக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்களைப் பார்த்தேன். இடுக்குகளின் வழியே காற்றுப் போய்விடுவதால் கடற்காற்று அதைத் தள்ளி விழுத்துவதில்லை. படம் வரைந்து கட்டிய பொறியியலாளர் யாரும் இல்லை. காற்றை அறிந்த கைகள் கட்டியவை. ஆனால் யுத்தத்தில் மக்கள் இடம்பெயர்ந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனதால் பல வீடுகள் கூரையற்று நிற்கின்றன. முற்றத்தில் பற்றை வளர்ந்திருக்கிறது.

கூரையற்ற வீட்டைப் பற்றி எழுத எனக்கு ஓர் உரிமை இருக்கிறது. என் உம்மாவின் ஊர் யாழ்ப்பாணம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சோனகத்தெருப் பக்கம் எங்கள் வீடு இருந்த வளவில் இப்போது இரண்டு சுவர்களும் ஒரு கிணறும் மிச்சம். யாழ்ப்பாணம் போகலாம் என்று மாமா சொன்னபோது உம்மம்மா முதலில் கேட்டது, "என்ட ஊர்ல நான் ரூம் எடுத்தா தங்கணும்?" என்றுதான். அதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருந்தும் வந்தார். கோட்டை வாசலில் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட பழைய வீட்டுச் சுவரும் இப்படித்தான், சுண்ணாம்பு" என்றார். அதன் பிறகு அடுப்படி எந்தப் பக்கம், மழைக்கு எங்கே வாளி வைப்பது, நோன்பு காலத்தில் திண்ணையில் யார் யார் வந்து இருப்பார்கள் என்று அந்த இரவு முழுவதும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் அந்த வீட்டைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே பழைய கட்டடங்களில் தங்குவது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஒரு சுவர் இன்னொரு சுவரை ஞாபகப்படுத்துகிறது. இடிந்த வீட்டை ஞாபகப்படுத்த இடியாத கட்டடம் ஒன்றாவது எங்கேயாவது நிற்க வேண்டும்.

இதற்கு எதிரான நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வீடுகளை விடுதியாக்கத் தொடங்கினால் ஊர் ஊராக இருக்குமா? இந்தப் பயம் வீணானதல்ல. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமை இடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தேவாலயம் போலத் தோற்றமளிக்கும் மீரான் ஜும்மாப் பள்ளிவாசலைச் சுற்றி நம் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. பழைய வீடுகளுக்கு விலை ஏற ஏற, பல குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போய்விட்டன. வீடுகள் அழகான விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, பூச்சு மினுங்குகிறது. ஆனால் அஸருக்குப் பிறகு தெருவில் விளையாடும் பிள்ளைகள் குறைந்துபோனால் அந்தச் சுவர்கள் யாருக்காக?

காலி நமக்குச் சொல்லும் பாடம், விடுதியே வேண்டாம் என்பதல்ல என்று நினைக்கிறேன். வீட்டை விற்பது வேறு, வீட்டில் இருந்துகொண்டே ஓர் அறையை விருந்தினருக்கு விடுவது வேறு. முதலாவதில் ஊரவர் வெளியே போகிறார். இரண்டாவதில் ஊரவர் வீட்டுக்காரராகவே இருக்கிறார். தீவகத்துக்கு வேண்டியது இரண்டாவது வழி. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் பழைய வீட்டை இடித்துக் கண்ணாடியும் கொங்கிறீட்டுமாக மாடி எழுப்பாமல், கூரையைத் திருத்தி, ஊரிலுள்ள உறவினரிடம் ஒப்படைக்கலாம். ஒடியற் கூழும் நண்டுக் கறியும் சமைக்கத் தெரிந்த பெண்களுக்கு அது வருமானம். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மாருக்கு அது வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். கற்றுக்கொள்ள இளையவர்கள் இல்லாவிட்டால், நாளைக்குக் காசு இருந்தாலும் திருத்த ஆள் இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது, எங்கே தங்குகிறோம் என்பதையும் பாடத்தின் பகுதியாக்குங்கள். அறைக்கு ஏசி இருக்கிறதா என்று விசாரிப்பதோடு, இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது, இங்கே வேலை செய்பவர்கள் எந்த ஊர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் பதில் சொல்லவும் ஆட்கள் வருவார்கள்.

தோழிகளுக்கும் ஒன்று. நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு வடக்கிலோ மன்னாரிலோ ஒரு பழைய வீடு இருந்திருக்கிறது, அல்லது அதன் ஞாபகமாவது இருக்கிறது. அந்த வீட்டைத் திருத்தப் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் படத்தை வரைவோம். வாசல் எந்தத் திசை, முற்றம் எத்தனை அடி, கிணறு எங்கே, எந்த அறையில் யார் படுத்தார்கள் என்று உம்மம்மாமாரிடம் கேட்டு எழுதுவோம். நான் என்னுடையதைத் தொடங்கிவிட்டேன். அடுப்படி வடக்குப் பக்கம் என்று உம்மம்மா சொல்கிறார். இல்லை, கிழக்கு என்கிறார் மாமா. இன்னும் முடிவாகவில்லை. இரண்டையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.